நீலப் பட்டைத் தெரு

நகராட்சி இல்லாமல் போன அன்று காலை, தையல்காரியின் கணவர் முகச்சவரம் முடித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒலிபெருக்கி வண்டி தெருமுனையில் திரும்பியது. ஊர் இனிமேல் ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருக்கும், நகர மன்றம் கலைக்கப்பட்டது, ஊழியர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு குரல் இருமி இருமி வாசித்துவிட்டுப் போனது.

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"இருக்கலாம்னு தானே சொன்னாங்க? இருக்கணும்னு சொல்லலியே?" என்று மனைவியைக் கேட்டார்.

"எதுக்கும் உள்ள வாங்க. டப்பாவை இங்கயே வச்சு சாப்பிட்டுக்கலாம்."

குடிநீர்ப் பிரிவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்த மனிதர். எந்தத் தாள் வந்தாலும் மேலும் கீழும் பார்த்து, ஊதி, ஓங்கி ஒரு சீல் குத்துவார். தெருவில் அவருக்கு 'சீல்காரர்' என்றே பெயர். அந்தச் சீல் இப்போது அலுவலக மேசை இழுப்பறையில் மாட்டிக்கொண்டது. அலுவலக வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். கை சும்மா இருக்காத சீல்காரர், வீட்டை நிர்வாகம் செய்யத் தொடங்கினார்.

முதலில் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். தையல்காரிக்குக் கறுப்பு நூல் எங்கே என்று இரண்டு நாள் தெரியவில்லை. அடுத்து, அளவு கொடுக்க வந்த பெண்களை வாசலில் வரிசையில் நிற்கவைத்தார். ஒரே ஒருத்தி வந்தாலும் வரிசைதான். கத்தரிக்கோலை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினார். தையல்காரி மிஷினை மிதித்தபடியே மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்: 'எந்த அரசாங்கம் வேணா வரட்டும். இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கயாவது ஒரு மேசையைப் போட்டுக் குடுத்துடட்டும்.'

மற்றபடி தெரு தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. குழந்தைகள் முதல் வாரத்திலேயே புது சல்யூட்டைக் கற்றுக்கொண்டு, பெரியவர்களுக்குத் திருத்தம் சொன்னார்கள். கடைப் பெயர்கள் எல்லாம் மாறின. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் கடைக்குப் பெயர் 'வெற்றி ரொட்டிக் கடை'. "யாரு ஜெயிச்சாலும் பொருந்துது. எங்கப்பா தீர்க்கதரிசி," என்பார்.

பிறகு அந்த உத்தரவு வந்தது. ஒவ்வொரு தெருவும் தனக்கு ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவில் எது நடந்தாலும் நிர்வாகம் அவரைத்தான் கேட்கும்.

கூட்டம் ரொட்டிக்கடையில் நடந்தது. 'கேட்கும்' என்றால் எப்படிக் கேட்கும் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஆகவே ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு நர்ஸம்மா தன் நகங்களைப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பில் என்னமோ கருகுவதாகச் சொல்லி உள்ளே கம்பி நீட்டினார். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

"அந்தப் பொறுப்பாளருக்கு," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, "மேசை உண்டா?"

தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அது அவள் கணவரின் குரல்.

மேசை இருந்தது. ரேஷன் அலுவலகத்தின் தாழ்வாரத்தில், ஒரு கால் ஆடுகிற மேசை. விசிலும் கொடுத்தார்கள். பொறுப்பாளர்கள் இடது கையில் நீலத் துணிப்பட்டை அணிய வேண்டும், பட்டையை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும், பட்டை கட்டியவரை வேறு வேலைக்கு அழைத்துப்போக மாட்டோம் என்றார்கள். சீல்காரர் நகர மன்றக் குப்பையில் கிடந்த மேடைத் திரையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நல்ல கெட்டியான நீலத் துணி. அதன் முன்னால்தான் எத்தனையோ மேயர்கள் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருந்தார்கள்.

"ஒரு பட்டைக்கு இவ்வளவு துணியா?" என்றாள் தையல்காரி.

"அளவு தப்பிப்போச்சுன்னா?"

பட்டை ஏறிய நாளிலிருந்து மனிதருக்குத் தலை கால் புரியவில்லை. தெருக்குழாயில் குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்று வரிசை வைத்தார். துணி காயப்போடுவதற்கு ஒற்றைப்படை வீடு, இரட்டைப்படை வீடு என்று நாள் பிரித்தார். விசிலை ஊதிவிட்டுத்தான் சொந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்தார். தெரு சகித்துக்கொண்டது. அவர் பொறுப்பாளர் ஆகியிருக்காவிட்டால் தங்களில் ஒருவர் ஆகியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. போர்முனையில் பதுங்குகுழி வெட்ட ஆள் தேவைப்பட்டது. இளவட்டங்கள் எல்லோரும் ரயில் நிலையத்துக்கு வர வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். முதல் தடவை போனவர்களில் பலர் திரும்பவில்லை. இரண்டாவது தடவை அறிவிப்பு வந்தபோது நர்ஸம்மாவின் மகன் சித்தப்பா ஊருக்குப் போய்விட்டதாகப் பேச்சு வந்தது.

சித்தப்பா ஊர் என்பது நர்ஸம்மா வீட்டுப் பரண். அவனுக்குத் தெருவில் பட்டப்பெயரே நெட்டைதான். அந்த உடம்பை அந்தப் பரணில் மடித்து வைத்திருந்தாள் அவன் அம்மா. தெரு முழுக்க விஷயம் தெரியும், வெளியே மூச்சு விடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் நர்ஸம்மாவுக்கு மட்டும் தினமும் ஒரு ரொட்டி கூட வைப்பார், கேட்காமலே. தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார். அது சீல்காரர்.

அவரிடம் சொல்லக் கூடாது என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய காதுகள்தான் பிரச்சினை. எதையாவது மறைத்தால் இரண்டு காதும் தக்காளியாகச் சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் பால் பாத்திரத்தை உருட்டிவிட்டு, பூனை என்று சொன்னபோதே தையல்காரி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அவர் உற்சாகமாக வந்தார்.

"திங்கட்கிழமை கேப்டன் நம்ம தெருவைப் பார்க்க வர்றாரு. அவர் வர்றதுக்கு முன்னாடி, அன்னிக்குக் காலையிலேயே நானே வீடு வீடாப் போய் ஆய்வு பண்ணிடப் போறேன். எத்தனை பேரு, எத்தனை ஜன்னல், எல்லாம்."

"ஜன்னலை வெளியில இருந்தே எண்ணலாமே."

"அதெப்படி? அடுப்படியிலிருந்து பரண் வரைக்கும் பார்த்தாத்தான் அது ஆய்வு."

மிஷின் நின்றது. நூல் அறுந்துவிட்டதாகச் சொல்லிக் குனிந்துகொண்டாள். நூல் அறுந்திருக்கவில்லை.

அவர் குளிக்கப் போனதும் தெருவைத் தாண்டி நர்ஸம்மா வீட்டுக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் நர்ஸம்மா முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டாள். பரணிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டெய்லரக்கா, காலை நீட்டிப் படுத்தே ரொம்ப நாளாச்சு. வரட்டும். பிடிச்சாலும் பரவாயில்ல, ஒரு தடவை நிமிர்ந்து நின்னுக்கறேன்."

"வாயை மூடு," என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில்.

தையல்காரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தெருமுனைக் காவல்சாவடியை அப்போது அவள் கணவர் கடந்துகொண்டிருந்தார். குளிக்க எடுத்த துண்டு தோளிலேயே கிடந்தது. சோப்பு வாங்கப் போகிறார் போல. சாவடிச் சிப்பாய் ரொட்டிக்கடைக்காரரின் மாவு வண்டியை நிறுத்தி, மூட்டைக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். சீல்காரர் வந்ததும் நீலப் பட்டையைப் பார்த்து வழிவிட்டான். முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு ஒரு பட்டை தைச்சா?" என்றாள்.

நர்ஸம்மா யோசித்தாள். "தெருவுக்கு ஒரு ஆளுக்குத் தானே பட்டை? ரெண்டாவதா ஒருத்தன் போட்டா, யாருடா நீன்னு கேப்பாங்களே."

"ஆமாம். ரெண்டு பேர் போட்டா கேப்பாங்க," என்றாள் தையல்காரி. "எல்லாரும் போட்டா?"

மறுநாள் அவர் மேசைக்குப் போனதும் கதவைத் தாழ்போட்டுவிட்டுத் திரையைக் கிழிக்கத் தொடங்கினாள். மிஷின் வெயில் சாயும்வரை ஓயவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சாக்கு வைத்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரரிடம், "போட்டுப் பாருங்க, மாவு மூட்டையைக் குத்த மாட்டான்," என்றாள். பாட்டு வாத்தியாரிடம், ஊரடங்கு நேரத்தில்கூட மாணவர் வீட்டிலிருந்து நிதானமாக நடந்து வரலாம் என்றாள். முட்டை விற்கிறவளிடம் அது முட்டைக்குப் பாதுகாப்பு என்று மட்டும் சொன்னாள். அவள் காரணம் கேட்காமல் இரண்டாக வாங்கிக்கொண்டாள். எல்லோரும் திங்கட்கிழமை காலைதான் கட்ட வேண்டும், அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

"அவரு கோபப்படுவாரே அக்கா?" என்றார்கள்.

"அதை நான் பார்த்துக்கறேன்," என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை காலையில் சீல்காரர் பட்டையை நீவிவிட்டு, விசிலோடு ஆய்வுக்குக் கிளம்பினார். வாசல்படி தாண்டியதும் ரொட்டிக்கடைக்காரர் எதிரில் வந்து வணக்கம் வைத்தார். வைத்த கையில் நீலப் பட்டை.

"இதென்ன?"

"உங்களுக்கு என்னவோ, எனக்கும் அதுதான்."

அவருக்குப் பின்னால் பாட்டு வாத்தியார். அவர் கையில் நீலப் பட்டை. குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள், எல்லாக் கையிலும் நீலம். முட்டைக்காரி கூடைக்கும் ஒன்று கட்டியிருந்தாள். சீல்காரர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், காற்றுதான் வந்தது. அதற்குள் நர்ஸம்மா வீட்டுக் கதவு திறந்தது. நெட்டை தலையைக் குனிந்து வெளியே வந்து, தெரு நடுவில் நின்று, முதுகெலும்பு ஒவ்வொன்றாகச் சொடுக்கு விடுவது போல மெல்ல நிமிர்ந்தான். வெளிச்சம் கூசிக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் கையிலும் பட்டை.

"இவன் சித்தப்பா ஊருக்குப் போனான்ல? எப்ப வந்தான்?" என்றார் சீல்காரர்.

"இப்பதான்," என்றாள் நர்ஸம்மா. அது பொய்யும் இல்லை.

"யாரைக் கேட்டு இவங்க எல்லாம்..." என்று அவர் கத்த வாயெடுத்தபோது கேப்டனின் ஜீப் வந்து நின்றது.

கேப்டன் அந்த ஊர் மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர். அதனால் வாயைத் திறந்தால் செய்யுள் மாதிரித்தான் வரும்.

"பொறுப்பாளரே! இத்துணைப் பட்டைகள் இத்தெருவில் எவ்வாறு தோன்றின?"

சீல்காரர் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டு வாசலில், கழுத்தில் அளவு நாடா தொங்க, மனைவி நின்றுகொண்டிருந்தாள். புடவையெல்லாம் நீலப் பிசிறு. அவள் கண் அவரைப் பார்த்துவிட்டு நெட்டையின் பக்கம் போனது. மறுபடி அவரிடம் வந்தது. அவரும் அவனைப் பார்த்தார். வெயில் படாமல் வெளிறிய முகம், தலைமுடியில் ஒட்டடை, முழங்காலில் காய்ப்பு. பரண் வரைக்கும் பார்ப்பேன் என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

முதலில் வலது காது சிவந்தது. பிறகு இடது.

'போச்சு,' என்று நினைத்தாள்.

"ஐயா," என்றார் சீல்காரர், "இவங்க எல்லாரும் என் துணைப் பொறுப்பாளர்கள்."

"துணைப் பொறுப்பாளர்களா?"

"ஆமாங்கய்யா. ஒரே ஆளா எப்படி நிர்வாகம் பண்றது? பிரிவு பிரிவாப் பிரிச்சிருக்கேன். இவரு ரொட்டிப் பிரிவு. இவரு..." பாட்டு வாத்தியாரைப் பார்த்துத் தயங்கினார். "சத்தப் பிரிவு. தெருவில சத்தம் அதிகமா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. இந்தம்மா முட்டை. இவங்கெல்லாம் தண்ணி. நர்ஸம்மா சுகாதாரம்."

சொல்லச் சொல்ல அவர் குரல் கெட்டிப்பட்டது. இத்தனை பிரிவுகளுக்குத் தலைவராக இருப்பதைத் தானே இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

"இந்த நெடிய இளைஞன்?"

சீல்காரர் தெருவிளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"விளக்குப் பிரிவு ஐயா. ராத்திரி விமானம் வந்தா வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கீங்க. தெருவிளக்குக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டணும். மத்த தெருவில ஏணி தேடிக்கிட்டு இருக்காங்க." நெட்டையை மேலும் கீழும் பார்த்தார், பழைய தாள்களைப் பார்ப்பது போல. "நமக்கு ஏணி வேண்டாம்."

கேப்டன் நெட்டையின் உச்சியைப் பார்த்தார், தெருவிளக்கைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"உமது செவிகள் ஏன் இவ்வண்ணம் சிவந்துள்ளன?"

"பெருமைங்கய்யா," என்றார் சீல்காரர்.

"நன்று," என்றார் கேப்டன். "மிக நன்று."

ஜீப் திரும்பிப் போனபின்பும் வெகுநேரம் யாரும் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது முட்டைக்காரி. அதற்கப்புறம் குழாயடியில் நிறுத்த முடியவில்லை.

சாப்பிடும்போது சீல்காரர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க மறைப்பீங்க. உங்க காது மறைக்காதே."

"தெருவுக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மட்டும் ஏறிப் பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, எதிர்வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக, நெட்டைக்குத் தோளில் தட்டிக்கொடுக்க அவர் எம்புவது மட்டும் தெரிந்தது.

வினை அத்தோடு முடிந்திருந்தால் சௌகரியம். கேப்டன் நம் தெருவின் ஏற்பாட்டை மெச்சி, எல்லாத் தெருவும் இப்படியே பிரிவுகள் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஊரில் நீலத் துணிக்குப் பஞ்சம் வந்தது. தையல்காரி வீட்டு வாசலில் நிஜமாகவே வரிசை நின்றது. அவள் கணவர் அதை ஒழுங்குபடுத்த விசிலை எடுத்தபோது, அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஊசியைக் கையில் கொடுத்தாள். ஆச்சரியம் என்னவென்றால், மனிதர் விளிம்பு மடித்துத் தைப்பதில் கெட்டிக்காரராக இருந்தார். ஒவ்வொரு தையலும் வரிசை பிசகாமல் நின்றது.

ஒரு மாதத்தில் ஊரில் பட்டை இல்லாத கையே இல்லை. பல் இல்லாத தாத்தாக்கள் வரைக்கும் ஏதோ ஒரு பிரிவு. காவல்சாவடிச் சிப்பாய்கள் யாரையும் நிறுத்த முடியாமல், தாங்களும் ஒரு பட்டை கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தார்கள். மூன்றாவது தடவை குழிவெட்ட ஆள் கேட்டபோது ரயில் நிலையத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. பட்டைக்காரர்களை அழைத்துப்போகக் கூடாது என்பது நிர்வாகத்தின் சொந்த விதி. கேப்டன் தலைமையகத்துக்கு விளக்கம் எழுதிய தினத்திலிருந்து அவர் பேச்சில் செய்யுள் குறைந்தது. பிறகு அவரையே எங்கோ மாற்றிவிட்டார்கள். போகும்போது ஜீப்பை நிறுத்தி, சீல்காரரிடம், "யாம் உம்மை மறவோம்," என்றார். அது நன்றியா மிரட்டலா என்று தெருவில் இன்றுவரை தகராறு.

அப்புறம் பீரங்கிச் சத்தம் நெருங்கியது, நாலைந்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே வாழ்ந்தார்கள். ஒரு காலை சத்தம் நின்று, வேறு நிறச் சீருடைகள் தெருவில் நடந்து வந்தன. மதியத்துக்குள் ஊரில் நீலம் என்ற நிறமே இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் குழந்தைகள் எல்லாம் கெட்டித் துணி டவுசரோடு திரிந்தார்கள். ரொட்டிக்கடையில் மாவு மூடுவதற்குப் புதுத் துணி வந்தது. "யார் இங்கே பொறுப்பாளராக இருந்தது?" என்று புது அதிகாரி விசாரித்தார். "எல்லாரும் தாங்க," என்று தெரு உண்மையைச் சொன்னது. எல்லோரையும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அடுத்த வேலையைப் பார்த்தார்.

அடுத்த வேலை, தேர்தல். இனி மக்களே ஓட்டுப் போட்டுத் தெருத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றைக்குக் கூரையைப் பார்த்தவர்கள் இன்றைக்கு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு நின்றார்கள். ஒரு மாதமாவது பிரிவு நடத்திய அனுபவம் எல்லோருக்கும் இருந்தது அல்லவா? ரொட்டிக்கடைக்காரர் நின்றார், பாட்டு வாத்தியார் நின்றார், முட்டைக்காரி நின்றாள், நர்ஸம்மா நின்றாள், குழாயடியிலிருந்தே மூன்று பேர் நின்றார்கள். சீல்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார்.

நின்றவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து இன்னொரு ஓட்டு விழும் என்று நம்பினார்கள், ஆனால் அந்த வீடுகளிலும் போட்டி இருந்தது. சீல்காரருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. நர்ஸம்மாவுக்கு மூன்று. தெருத்தலைவி ஆனாள்.

வீட்டுக்கு வந்து அவர் வெகுநேரம் கணக்குப் போட்டார்.

"ஒண்ணு அவங்களே போட்டது. ஒண்ணு நெட்டை. மூணாவது யாரு?"

தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "ரகசிய ஓட்டுன்னு தானே சொன்னாங்க?"

"நீ எனக்குப் போடலையா?"

"நீங்க போயிட்டா விளிம்பு யாரு மடிப்பாங்க?"

அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நர்ஸம்மா வாசலில் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. குழாயடியில் தோற்ற வேட்பாளர்கள் மூன்று பேரும் குடங்களோடு சண்டை, யாரும் யாருக்கும் அடங்கவில்லை.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் கேப்பாங்க."

"நான் யாருங்க சொல்றதுக்கு? ஒத்தை ஓட்டுக்காரன்," என்றார் சீல்காரர், மடித்த விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லுங்கண்ணே. குடிநீர்ப் பிரிவுல இருந்தவரு நீங்க. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

அவர் ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்தார். கண்ணாடி முன் போய்த் தலையை வாரினார், இன்னொரு தடவை வாரினார். தெருத்தலைவி வாசலில் காத்திருந்தாள். வேண்டுமென்றே காக்கவைக்கிறார் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது, மூன்று பேரும் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் குழாயடியிலிருந்து அவர் குரல் கேட்டது. யாரோ எதிர்த்துப் பேசினார்கள், அவர் இன்னும் உரக்கப் பேசினார். அப்புறம் குடங்கள் நகரும் சத்தம். தையல்காரி அவர் பாதியில் விட்டுப்போன துணியை மிஷினில் இழுத்து வைத்து, மிச்ச விளிம்பைத் தானே மடிக்கத் தொடங்கினாள்.